செல்வி பேரை ஏன் போடவில்லை என்று கேட்கும் மகனுக்கு

தம்பி,

இதை நான் போன்லயே சொல்லியிருக்கலாம். பயமா இருந்தது. போன்ல உன் குரலைக் கேட்டா எனக்கு அழுகை வந்துடும். நான் அழுதா நீ சும்மா இருக்க மாட்ட, உடனே யாருக்காவது போன் போட்டு எதையாவது செஞ்சு முடிச்சிடுவ. அதனாலதான் உன் தங்கச்சி செல்வியோட நோட்டுல இருந்து தாள் கிழிச்சு எழுதுறேன். மூணாங்கிளாஸோட நின்னுபோன கை. எழுத்து கோணலாத்தான் இருக்கும், நீ பொறுமையாப் படி. செல்வி, ‘நீ சொல்லும்மா, நான் எழுதுறேன்’னா. வேண்டாம்னுட்டேன். அவளைப் பத்தின கடுதாசியை அவ கையாலயே எழுத வைக்கிறது எனக்கு நல்லாப் படல. எழுதினதும் அவகிட்ட படிச்சுக் காட்டிட்டு, அவ சரின்னா அரவேணு போஸ்டாபீஸ்ல கொண்டுபோய்ப் போடுவேன்.

திங்கக்கிழமை மத்தியானமே எஸ்டேட்ல ஆள் கணக்குப் பார்க்கிற கண்டக்டர் சார் உனக்குப் பேசியிருக்காரு. அன்னிக்குச் சாயங்காலம் செல்வி போனுக்கு உன் மெசேஜ் வந்தது. ‘எவ்வளவு பேரைப் பிடிச்சு இந்த ஏற்பாட்டைப் பண்ணினேன், ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்துட்டீங்க, இனி நீங்களே பார்த்துக்கங்க’ன்னு எழுதியிருந்த. உன் கோபம் நியாயம்தான். ஊர்ல எத்தனையோ பையனுங்க அம்மா இருக்காளா செத்தாளான்னு திரும்பிப் பார்க்காம இருக்கானுங்க. நீ திருப்பூர்ல கம்பெனி வேலையையும் பார்த்துக்கிட்டு, அங்க இருந்தே எங்களுக்கு ஒரு வழி பண்ணப் பார்த்த. அதுக்கு நான் உன்னைத் திட்டுறதுக்காக எழுதலப்பா. என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்றேன். பாதி உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா வரிசையாச் சொன்னாத்தான் எனக்கே பிடிபடுது.

நாம இருக்கிற இந்த லயத்து வீடு, காம்பரா, எஸ்டேட்டோடது, நமக்குச் சொந்தம் இல்ல. அது உனக்கும் தெரியும். சிலோன்ல இருந்து எங்க அம்மா அப்பா என்னைச் சின்னப் புள்ளையா இடுப்புல தூக்கிக்கிட்டுக் கப்பலேறி வந்தப்ப, அங்க விட்டுட்டு வந்தது ஒரு லயத்துக் காம்பரா, இங்க வந்து சேர்ந்தது இன்னொரு லயத்துக் காம்பரா. அங்கயும் எஸ்டேட்ல பேரு இருக்கிற வரைக்கும்தான் வீடு, இங்கயும் அப்படித்தான். உங்கப்பா செத்தப்ப அந்தப் பேருக்கு உங்க அக்கா புஷ்பம் போனா. பன்னெண்டாவது பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தவ. நான் ஒருத்தி தேயிலை பறிச்சு மூணு பேரைக் காப்பாத்த முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அவளும் சரின்னா. ‘சரியா புஷ்பம்?’னு யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. ரிசல்ட் வந்த அன்னிக்கு அவ மேல் காட்டுல எலை எடுத்துக்கிட்டு இருந்தா. பாஸ். கீழ இருந்து நீதான் கத்திச் சொன்ன. அவ கை தூக்கிக் காட்டிட்டு மறுபடி குனிஞ்சிட்டா.

இப்ப அவ இல்ல. அவ போய் ஆறாவது மாசம் நடக்குது. எனக்கு இந்தப் பொங்கலோட சர்வீஸ் முடியுது. புஷ்பம் பேருக்கு ஆள் வந்தா வீடு நிக்கும், வரலைன்னா பொங்கலுக்கு அப்புறம் சாவியைக் குடுத்துடணும். இதை ஆபீஸ்ல சொன்ன அன்னிக்குத்தான் நான் உனக்குப் போன் பண்ணினேன். என்ன சொன்னேன்? ஒண்ணுமே சொல்லல. ‘இந்த வீட்டை விட்டு நான் எங்கடா போவேன், எம் பொண்ணு இங்க கெடக்குறா’ன்னு அழுதேன். நீ, ‘அழாதம்மா, நான் பார்த்துக்கிறேன்’னு சொன்ன. எனக்கு அப்ப எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீ எதைப் பார்த்துக்கப் போறன்னு நான் கேக்கல. அழுதுட்டுப் போனை வச்சிட்டேன். அது எந்தப் பக்கம் போய் முடிஞ்சுதுன்னு பாரு.

இந்த எடத்துல அந்தத் துணி துவைக்கிற மெஷினைச் சொல்லணும். சிரிச்சுக்கோ. ரெண்டு வருசத்துக்கு முன்னால தீபாவளிக்கு வண்டியில ஏத்தி அனுப்பின. லயமே கூடி நின்னு பார்த்தது. என்கூட எலை எடுக்குற ஸ்டெல்லா, ‘ஏ புள்ள, உம் மகன் ராசாதான் போ, இனி உங்கூட்டுல துணியெல்லாம் தானா நடந்து போய்க் காயும்’னா. இங்க லயத்துக்கே ஒரு குழாய், அதுவும் வாசல்ல. கரண்டு மழைக்காலத்துல விளக்குக்கே பத்தாது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? ‘நல்லா ஓடுதுப்பா’ன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதுல ரேசன் அரிசி போட்டு வச்சிருக்கோம். எலி ஏற முடியல, அந்த வரைக்கும் நல்ல மெஷினு. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு நல்ல தார்ப்பாய் போதும்னு சொல்லியிருப்பேன், கூரை ஒழுகுறது நின்னிருக்கும். நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தாலும் நீ அடுத்த தடவை கேட்டிருப்ப. ரெண்டு பேரும் பாசமா இருந்தோம். கூரை ஒழுகிக்கிட்டே இருந்தது.

இப்ப புஷ்பம் கதை. இதை உன்கிட்ட நான் முழுசாச் சொன்னதே இல்ல.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. பிடி போடுறதுன்னு சொல்லுவோம். எடை போடுறதுக்கு முன்னால, மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினதும், மாசமா இருக்கிறவ, காய்ச்சல்ல வந்தவ, வீட்டுல சாவு விழுந்தவ, இவங்க சாக்குல போற வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தைப் போட்டுட்டுப் போவோம். அவ எடை குறையாது, சம்பளம் பிடிக்க மாட்டாங்க. அதுல ஒரு மொறை இருக்கு. போடுறவ ஏன்னு கேக்கக் கூடாது. வாங்குறவ நன்றி சொல்லக் கூடாது. முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். நீ என் வயித்துல இருந்தப்ப எனக்கும் போட்டாங்க. இந்த மலையில எனக்குக் கெடைச்ச பெரிய மரியாதை அதுதான்னு நான் நெனச்சிருந்தேன். இப்பவும் அது நல்ல பழக்கம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

புஷ்பத்துக்கு மேடு ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப நான்தான் முதல்ல பிடி போட்டேன். செடி வரிசையில அவளுக்குப் பக்கத்து நிறைதான் நான் எடுப்பேன். என் சாக்குல இருந்து அள்ளி அவ சாக்குல போட்டுடுவேன். அப்புறம் ஸ்டெல்லா போட்டா. அப்புறம் எல்லாரும். மாசமா இருக்கிறவளுக்குன்னா அஞ்சாறு மாசம், காய்ச்சல்னா ஒரு வாரம். புஷ்பத்துக்கு ரெண்டு மழைக்காலம் தாண்டியும் போட்டுக்கிட்டே இருந்தோம். எடை ஒரு நாளும் குறையல. மேஸ்திரி புஸ்தகத்துல அவ நல்ல வேலைக்காரி. எடை குறைஞ்சிருந்தா அவன் கத்தியிருப்பான். கத்தியிருந்தா எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அனுப்பியிருப்பாங்க, அவங்க கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருப்பாங்க. நர்சரியில உக்காந்து செடி பார்க்கிற வேலையாவது குடுத்திருப்பாங்க. ஒண்ணும் நடக்காதபடி நாங்க எல்லாரும் சேர்ந்து அவளைத் தாங்கிப் பிடிச்சிருந்தோம்.

ஒரு நாள் ஸ்டெல்லாதான் கேட்டா. சாப்பாட்டு நேரம், மூடுபனியில பக்கத்துல இருக்கிறவ முகம் மட்டும்தான் தெரியுது. ‘ஏ புள்ள, போடுறது போட்டுக்கிட்டே இருக்கோம், இவளுக்கு என்னன்னு நம்மள்ல யாராச்சும் கேட்டமா? பெத்தவ நீ கேட்டியா?’ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ‘நீ போடுற ஒரு பிடி எலைக்கு எம் பொண்ணு கதையெல்லாம் சொல்லணுமா? கஷ்டமா இருந்தா போடாத, போ’ன்னுட்டேன். ஸ்டெல்லா சோத்து டப்பாவை மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னிக்கு எடையப்ப பார்த்தா, எல்லாருக்கும் முன்னால அவதான் புஷ்பம் சாக்குல போட்டா, ஒரு பிடி இல்ல, ரெண்டு கையும் சேர்த்து அள்ளி. என்னைப் பார்க்கவே இல்ல. நான் ஜெயிச்சிட்டதா நெனச்சேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அந்த ஆடி மழையில மேல் காட்டுல விழுந்தா. இடுப்புல கட்டுற முரட்டுப் படங்குத் துணியை விரிச்சு அதுல கெடத்தி நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். கோத்தகிரியில பார்த்துட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. அங்க டாக்டரம்மா, ‘சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?’ன்னு கேட்டாங்க. வந்தது. ‘இருதயத்துல அப்ப விழுந்த பழுது. ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம், இத்தனை நாளா இவங்களால எப்படி வேலை செய்ய முடிஞ்சுது?’ன்னாங்க. அவங்களுக்கு அது அதிசயமா இருந்தது. எனக்கு எப்படின்னு தெரியும்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில புஷ்பம் கொஞ்சம் தெளிவா இருந்தப்ப, ‘ஏண்டி சொல்லல?’ன்னு கேட்டேன். ‘சொன்னா என்னம்மா பண்ணியிருப்ப? இன்னும் ஒரு பிடி போட்டிருப்ப’ன்னு சிரிச்சா. குத்திக் காட்டல தம்பி, நெஜமாவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. செல்வி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலதான் தரையில படுத்திருந்தா.

உதவி செய்யாதேன்னு நான் சொல்ல வரல. தூக்கிக்கிட்டு ஓட வேண்டிய நேரம் ஒண்ணு இருக்கு. விழுந்தவகிட்ட போய், ‘உன்னைத் தூக்கட்டுமா?’ன்னு கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. அன்னிக்குப் படங்கை விரிச்சப்ப யாரும் யாரையும் கேக்கல, அது சரிதான். ஆனா அவ விழறதுக்கு முன்னால ரெண்டு வருசம் நின்னுக்கிட்டு இருந்தாளே, நடந்தாளே, வாய் இருந்துதே, அப்பக் கேட்டிருக்கலாம். ஒருத்தர் வாயால பேச முடியுற வரைக்கும், முதல்ல அவங்க வாயில இருந்து வரட்டும். வராட்டி இன்னொரு தடவை கேளு. எரிஞ்சு விழுந்தா, ஸ்டெல்லா மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போ, ஆனா ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்து கேளு. ஸ்டெல்லா மறுபடி கேக்கல. நான் அவ வாயை அப்படி அடைச்சிட்டேன்.

ஆனா அவ கத்துக்கிட்டா, நான் கத்துக்கல. புஷ்பத்தை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு வீடு நெறைய ஆளுங்க. ஒருத்தி காப்பி குடிங்கறா, ஒருத்தி படுங்கறா, ஒருத்தி அழுது தீர்த்துடுங்கறா. எனக்கு மூச்சு முட்டுது. எல்லாரும் எனக்காகத்தான் வந்திருக்காங்க, யாரையும் போன்னு சொல்ல முடியல. ஸ்டெல்லா உள்ள வந்தா, குனிஞ்சு என் காதுல, ‘நாங்க இருக்கணுமா, போகணுமா?’ன்னா. ‘போங்க’ன்னேன். அவ எந்திரிச்சு, ‘வாங்க வாங்க, அவங்கவங்க ஊட்டுல வேலை கெடக்குதில்ல’ன்னு அத்தனை பேரையும் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. கதவைச் சாத்திட்டு ரொம்ப நேரம் கழிச்சு ஜன்னல் வழியாப் பார்த்தா, அவ மட்டும் குழாய்க்குப் பக்கத்துல கல்லு மேல உக்காந்திருக்கா, வேலை எதுவும் இல்லாம. உள்ள வரல. நான் கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருந்தா.

இப்ப போன சனிக்கிழமைக்கு வர்றேன். எடை முடிஞ்சு சாக்கை உதறிக்கிட்டு இருந்தேன். கண்டக்டர் சார் கூப்பிட்டாரு. ‘ஏம்மா, உம் பையன் பேசினான், மேனேஜர் பெரிய துரைகிட்டயும் சொல்லியாச்சு. சின்னப் பொண்ணு பேரைப் போட்டுடலாம். திங்கக்கிழமை காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப அனுப்பி வை’ன்னாரு. எல்லாம் முடிஞ்ச மாதிரி சிரிச்சாரு. ‘நல்ல புள்ளையப் பெத்திருக்க, இனி வீட்டைப் பத்திக் கவலை இல்ல’ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம், ‘ஆமா ஆமா’ன்னாங்க. அத்தனை பேரும் நல்லவங்க, அத்தனை பேரும் எனக்கு நல்லது நெனைக்கிறாங்க, நடுவுல நான் நிக்கிறேன், வெளிய வர வழி இல்ல.

வீட்டுக்கு வந்தா செல்வி வந்திருக்கா. ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி, படுக்கை, வாளி எல்லாத்தோடயும். நீ சொன்னியாம், அவ ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாம ரெண்டாவது வருசத்துல நர்ஸ் படிப்பை அப்படியே விட்டுட்டு வந்துட்டா. என் பழைய படங்கை எடுத்துத் தன் இடுப்புல வச்சு அளவு பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கு வந்தது பாரு ஒரு ஆத்திரம். அதைப் பிடுங்கி வீசிட்டு, ‘நீ போகக் கூடாது. நான் ஆபீஸ்ல போய் வேண்டாம்னு சொல்லிடுறேன். நாளைக்கே பஸ் ஏறு’ன்னு கத்தினேன்.

அவ என்னைவிடச் சத்தமாக் கத்தினா. ‘உன்னை யாரு கேட்டா? அண்ணன் போன்ல, “வா”ங்குது, வந்தேன். நீ இங்க நின்னு, “போ”ங்குற, போகணும். நான் என்ன சாக்கா, ஆளாளுக்குத் தூக்கி எறக்க?’

பக்கத்துக் காம்பராவுல பேச்சு நின்னுடுச்சு. அந்தச் சுவத்துல ரகசியம் எதுவும் நிக்காதுன்னு உனக்குத் தெரியும். நான் கட்டில்ல உக்காந்துட்டேன். அவ சொன்னது சரி தம்பி. நீ அவளைக் கேக்காமக் கொண்டு வந்த. நான் அவளைக் கேக்காமத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான். நான் அவளைக் காப்பாத்துறேன்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. நான் போய்ப் பக்கத்துல உக்காந்து, ‘செல்வி, உனக்கு என்னடி வேணும்?’னேன். பெத்த பொண்ணுகிட்ட இதைக் கேக்க எனக்கு வெக்கமா இருந்தது, ஏன்னு தெரியல. அவ ரொம்ப நேரம் அடிச்ச துணியையே அடிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம், ‘தெரியலம்மா’ன்னா. நான் உடனே ஒண்ணு சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா. ‘படிப்பு பிடிக்கும். ஆனா வார்டுக்குள்ள போனா எல்லாக் கட்டில்லயும் அக்கா படுத்திருக்கிற மாதிரியே இருக்கு. ஊசி போடக் கை நடுங்குது. மேடம் திட்டினாங்க. அந்த நேரத்துல அண்ணன் கூப்பிட்டுச்சு. தப்பிச்சோம்னு வந்துட்டேன்.’

‘அப்ப உனக்குத் தேயிலைக்குப் போக இஷ்டமா?’ன்னேன்.

‘யாருக்கும்மா இஷ்டம்? உன்னை இங்க தனியா விட்டுட்டு எப்படிப் போறது? இந்த வீடு போனா நீ செத்துடுவன்னு அண்ணன் சொல்லுச்சு.’

தம்பி, நான் போன்ல அழுதது உன் காதுல இப்படி விழுந்து, உன் வாயில இருந்து அவ காதுல இப்படி விழுந்திருக்கு. நீ பொய் சொல்லல. நான் அழுத அழுகைக்கு அதுதான் அர்த்தம். ஆனா நெஜமா வீடு போனா நான் செத்துடுவேனா? யோசிச்சுப் பார்த்தேன். மாட்டேன். எம் பொண்ணே போயிட்டா, இன்னும் உக்காந்து சோறு திங்கிறேன். வீடு போனாலும் திம்பேன். அதை அப்படியே செல்விகிட்ட சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. ‘நெஜமாவா?’ன்னா. ‘நெஜமா. வலிக்கும். சாக மாட்டேன்’னேன்.

அப்புறம் அவளுக்கு வேணுங்கிறது கொஞ்சம் கொஞ்சமா வந்தது. கொஞ்ச நாள் லீவு வேணும். காலேஜ்ல யாராவது பேசி, பேரை அடிக்காம இருந்தா நல்லது, ஆனா அண்ணன் பேச வேண்டாம், அவளே மேடத்துகிட்ட பேசுறாளாம். அப்புறம் திரும்பிப் போகலாமா, முடியாதான்னு பார்க்கணும். முடியலைன்னா யாரும், ‘ஏன்?’னு பிடிச்சு உலுக்கக் கூடாது. இவ்வளவுதான். நீயோ நானோ கனவுலயும் இதை நெனச்சிருக்க மாட்டோம். நீ வேலை குடுத்த, நான் படிப்பைக் குடுக்கப் பார்த்தேன், அவ கேட்டது கொஞ்ச நாள்.

‘ஆபீஸ்ல நான் போய்ச் சொல்லட்டுமா?’ன்னேன். ‘நானே சொல்றேன். நீ கூட வா. பேசாத’ன்னா.

திங்கக்கிழமை காலையில பெரட்டுக்களத்துல எல்லாரும் நிக்கிறாங்க. பனி எறங்கிக் கெடக்கு. செல்வி நேராப் போய், ‘சார், எங்க அக்கா பேருக்கு நான் வரல’ன்னா. கண்டக்டர் சாருக்கு முகம் சிறுத்துப் போச்சு. ‘உங்கண்ணன் கால்ல விழாத குறையாக் கேட்டான். இப்ப வேண்டாமா? பெரிய நர்சம்மா ஆயிட்டியோ? பொங்கலுக்கு அப்புறம் உங்கம்மாவ எங்க கொண்டுபோய் வைப்ப, உன் டிரங்குப் பெட்டியிலயா?’ன்னாரு. ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. என் நாக்கு நுனியில என்னென்னவோ வந்தது. உங்கப்பா காலத்துல இருந்து இந்த மலைக்கு நாங்க உழைச்சதை எல்லாம் அள்ளிக் கொட்டியிருப்பேன். அவ பேசாதன்னு சொல்லியிருந்தா. சேலை முந்தியை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இத்தனை வருசம் சுமந்த சாக்கு எதுவும் எனக்கு அப்படிக் கனத்தது இல்ல. செல்வி, ‘அதை நாங்க பார்த்துக்கிறோம் சார்’னா. அவரு என் பக்கம் திரும்பி, ‘நீ என்னம்மா சொல்ற?’ன்னாரு. ‘அவ சொன்னதுதான் சார்’னேன். அவ்வளவுதான் நான் பேசினது. அப்புறம் நான் கூடையை எடுத்துக்கிட்டு என் நிறைக்குப் போயிட்டேன். அவ வீட்டுக்குப் போனா.

இதைத்தான் நீ, ‘கெடுத்துட்டீங்க’ன்னு சொன்ன.

இனி எல்லாம் நல்லா நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி படுத்தா நாலு பக்கமும் சுவர் கிட்ட வர்ற மாதிரி இருக்கு. கேத்தியில கேரட் கழுவுற எடத்துல ஆள் எடுக்குறாங்க, வாடகைக்கு ஒரு அறையும் கெடைக்கும்னு ஸ்டெல்லா சொன்னா. நாள் முழுக்க அந்த ஐஸ் தண்ணியில நிக்கணும், என் முட்டி எத்தனை நாள் தாங்கும்? லயத்துலயே ஸ்டெல்லா காம்பராவுல ஒண்டிக்கலாம், ஆனா அவளுக்கும் அடுத்த வருசம் சர்வீஸ் முடியுது. புஷ்பம் கெடக்குற எடத்துக்கு மேல ஒரு சவுக்கு மரம் நிக்குது, இங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா தெரியும். அதை விட்டுட்டுப் போகணும். இருக்கவும் முடியாது, போகவும் மனசு இல்ல. இதுக்கு மருந்து உன்கிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. இதைச் சரி பண்ணணும்னு நீ கெளம்பிடாத. சில வலியைப் பக்கத்துல இருந்து தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஆனா ஒண்ணு உன்கிட்ட கேக்குறேன். அழுது கேக்கல, நேராக் கேக்குறேன். பொங்கலுக்கு அப்புறம் நானும், கொஞ்ச நாளைக்குச் செல்வியும், உன் வீட்டுல வந்து இருக்கலாமா? உன் வீடு சின்னது, சமையக்கட்டுல ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் நிக்க முடியாதுன்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். நான் முன்னறையில படுத்துக்குவேன். எனக்குன்னு தனியா எதுவும் வாங்காத, வந்த பிறகு வேணும்னா நானே சொல்றேன், சொல்லக் கத்துக்கிறேன். செல்வியை, ‘எப்பப் போற, எப்பப் போற?’ன்னு கேக்காத.

இதுக்கு நீ உடனே, ‘வாங்கம்மா’ன்னு சொல்லுவ, எனக்குத் தெரியும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். அது உன் பொண்டாட்டி கவிதாவோட வீடு. நாங்க வந்தா அவளுக்குத்தான் பாதி எடம் போகும், அவ சமையல், அவ தூக்கம், அவ உன்னோட பேசுற நேரம். முதல்ல அவகிட்ட கேளு. கேக்கும்போது எங்க பரிதாபத்தை எல்லாம் எடுத்து வைக்காத. புஷ்பத்தைப் பத்திப் பேசாத. மறுநாளே பதில் வேணும்னு நிக்காத. அவ வேண்டாம்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத, அதை அப்படியே எனக்கு எழுது, நான் கேத்தியில போய் அறை பார்ப்பேன், அவ மேல எனக்கு வருத்தம் இருக்காது. அவ சரின்னு சொன்னா, அது முடியாதுன்னு சொல்ல வழி இருந்தும் சொன்ன ‘சரி’தானான்னு நல்லாப் பாரு. பார்த்துட்டு, அப்புறம் எங்களை வரச் சொல்லு.

அம்மா